பத்து செகண்ட் சட்டை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தையல்காரரை மெஷினுக்கு முன்னால், வாயில் நாலு ஊசியோடு, அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம் மனுஷன், ஏழு நாளாகத் திருதிருவென்று முழித்துக்கொண்டு திரிகிறார். முழிக்காமல் என்ன செய்வார்? செய்துவைத்த காரியம் அப்படி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். தையல்காரருக்கும், தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் அவர் மனைவிக்கும் ஒரே மகள். ஆறு வயசு. பிறந்தபோது உடம்பு ஒல்லியாகவும் தலை உருண்டையாகவும் இருந்ததால் அப்பா வைத்த செல்லப்பெயர் குண்டூசி. ஓட்டம், பேச்சு, வாய்த்துடுக்கு எல்லாம் வயசுக்கு மேலேயே உண்டு. விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. பென்சில் நழுவும், கத்தரி கோணும், சட்டைப் பட்டன் காஜாவுக்குள் நுழையவே நுழையாது. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் பிரிவில், விரலைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி.

அங்கே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். தினமும் ஒரு தடவை குண்டூசி தன் சட்டையின் ஐந்து பட்டனையும் தானே மாட்ட வேண்டும், ஷூ லேசையும் தானே கட்ட வேண்டும். பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனது என்று அட்டையில் எழுதி, ஒரு மாசம் கழித்து ரிவ்யூவில் காட்ட வேண்டும்.

முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆனது. இரண்டு பட்டன்தான் மாட்டியிருந்தாள். குழந்தை அழுதாள். தையல்காரர் அவளைவிட அதிகமாக அழுதார். ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுக்கிறவன் மகள், ஒரு பட்டனோடு மல்லுக்கட்டுவதை எந்த அப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், மகளின் இரண்டு சட்டையையும் எடுத்தார். காஜா ஐந்தையும் மூடித் தைத்தார். மூடிய காஜாவின் மேலேயே பட்டனை அசையாமல் வைத்துத் தைத்தார். அடியில், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே அந்த வெல்க்ரோ, அதில் ஐந்து துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தட்டினால் சட்டை மூடிக்கொள்ளும்.

இரண்டு வரி என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டேன். விடுங்கள், விஷயத்துக்கு வருவோம். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில் ரிவ்யூ.

காலை எட்டு மணிக்கே மனைவி அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையை ஃபைலுக்குள் போட்டு, ஃபைலைப் பைக்குள் போட்டுவிட்டாள். தபால் ஆபீஸ்காரி அல்லவா! தேதிக்குக் கறுப்பு மை, நேரத்துக்கு நீலம், குறிப்புக்குச் சிவப்பு.

"இருபத்தேழு நாளா பத்து செகண்ட்! ஒரு நாள்கூட பதினொண்ணு ஆகல. எங்க போஸ்ட் மாஸ்டர் அட்டையைப் பார்த்துட்டு எழுந்து நின்னு கை தட்டினாருங்க!"

"கை தட்டினாரா?" என்றார் தையல்காரர். "ஏம்மா, அந்தச் சட்டை விஷயமா உங்கிட்ட ஒண்ணு..."

"சட்டையெல்லாம் நீங்க நல்லாத்தான் அயர்ன் பண்ணியிருக்கீங்க. இப்பல்லாம் நீங்களே துவைக்கறீங்க, நீங்களே மடிக்கறீங்க. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பொறாமை."

துவைக்காமல் இருக்க முடியுமா? மனைவி கையில் அந்தச் சட்டை போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

"பட்டன் போட ஒரு ஆஸ்பத்திரி!" என்று உள்ளேயிருந்து தையல்காரரின் அக்கா வந்தாள். தம்பி வீட்டோடு இருப்பவள். தம்பியைத் திட்டுவதை ஒரு நாளும் மறக்காதவள். "நாளைக்குத் தலை வார ஒரு ஆஸ்பத்திரி, மூக்குச் சிந்த ஒரு ஆஸ்பத்திரி! டேய், நாமெல்லாம் எந்த ஆஸ்பத்திரியில போய்டா பட்டன் போடக் கத்துக்கிட்டோம்?"

"அண்ணி, இன்னைக்கோட முடிஞ்சுது. பாஸ் பண்ணிட்டு வந்துடுவா," என்றாள் மனைவி.

"பாஸ் பண்ணாம? என் மருமக எதுல குறைச்சல்?" அக்கா உடனே கட்சி மாறினாள். "ஆமா, எங்க அவ?"

வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே வெட்டுமேஜை நிறைய வக்கீலின் நீலக் கோட்டுத் துணி கிடந்தது. நேற்று சாயந்திரம்தான் வெட்டி அடுக்கியிருந்தார். நல்ல மெல்லிசான, விலை உயர்ந்த துணி. பாதி மேஜையிலும் பாதி விளிம்பில் தொங்கிக்கொண்டும் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வக்கீல் வந்து அளவு பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த மேஜைக்கு அடியிலிருந்து குண்டூசி தவழ்ந்து வந்தாள். மூக்கு நுனியில் பசை.

"என்னடி இது மூக்குல?"

"பசை."

"அது தெரியுது. எதுக்கு?"

"நோட்டுக்கு," என்று சொல்லிவிட்டு, தன் வெட்டு நோட்டைப் பைக்குள் திணித்தாள் குண்டூசி. வாரம் ஒரு வட்டம் வெட்டி ஒட்டுகிற நோட்டு அது. அதுவும் தெரபி வீட்டுப்பாடம்தான். மனைவி முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்தாள். நேரமாகிவிட்டது என்று மூன்று பேரும் ஓடினார்கள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. இறங்கப்போன ஒரு ஆளின் பை குண்டூசியின் சட்டையில் மாட்டி இழுத்தது.

சர்ர்ர்!

"என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி.

"டயர்," என்றார் தையல்காரர். "டயர் பஞ்சர் போல."

குண்டூசி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அலட்டிக்கொள்ளாமல் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினாள். சட்டை மூடிக்கொண்டது. பஸ் பஞ்சராகாமல் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

குழந்தைகள் பிரிவின் வராந்தாவில், சுவர் உயரத்துக்கு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருப்பார்கள். அதன் காலடியில் ஒரு பெஞ்சு. செருப்பும் ஷூவும் வெளியே கழற்ற வேண்டும் என்று பலகை தொங்கும். குண்டூசி குனிவதற்குள் மனைவி அவசர அவசரமாக அவள் ஷூவைத் தானே பிடுங்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "நேரமாச்சு, நேரமாச்சு!"

எதிரே கவுண்டர் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, செவ்வாய் பதினோரு மணி இடம் இன்னைக்குக் காலியாகும் போலிருக்கு. அந்தக் குழந்தை நல்லாப் பண்ணுதாம், அனுப்பிடுவாங்க. நீங்க ஏழு மாசமா காத்துட்டிருக்கீங்கல்ல? உங்க பேர்தான் அடுத்து... இல்லல்ல, ஒரு தடவை விட்டுட்டா மறுபடி வரிசையில கடைசியிலதான் நிக்கணும்."

செவ்வாய் பதினோரு மணி. அது குண்டூசியின் இடம்.

தையல்காரர் கவுண்டரையே பார்த்தார். இதுவரை, குட்டு உடைந்தால் மனைவி என்ன செய்வாளோ என்றுதான் பயந்துகொண்டிருந்தார். இப்போதுதான் அவருக்கு உறைத்தது. குட்டு உடையாவிட்டால் அதைவிட மோசம். பட்டன் மாட்டத் தெரியாத மகளை, தெரியும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வர ஏழு மாசம், எட்டு மாசம். அதற்குள் பள்ளிக்கூடத்தில், மற்ற பிள்ளைகள் முன்னால் இவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது யார் போய் வெல்க்ரோ தைப்பது?

"ஏம்மா..." என்று மனைவியின் கையைப் பிடித்தார்.

"பதட்டப்படாதீங்க. அதெல்லாம் பாஸ் பண்ணிடுவா," என்று அவள் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. "வாங்க, வாங்க, வாங்க!"

இந்த அம்மாதான் தெரபிஸ்ட். ஒரு இடத்தில் நிற்காததால் குழந்தைகள் வைத்த பெயர் பம்பரம். ஐம்பது வயசு, கிராப்புத் தலை, கோட்டுப் பை நிறையத் துணி கிளிப்புகள். அறைக்குள் உத்தரத்திலிருந்து ஊஞ்சல் தொங்கும். மூலையில் மணல் தட்டு இருக்கும், அதற்குள் கைவிட்டுத் தேட மணிகள் புதைத்திருப்பார்கள். தையல்காரரின் அக்கா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பார்க்குக்கே போயிருக்கலாமே" என்று கேட்ட அறை இது.

பம்பரம் அட்டையை வாங்கினார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பத்து செகண்டா?"

"நிஜமா ஒன்பதரைதான் மேடம். அரை செகண்டை நான் சேர்த்துக்கிட்டேன்," என்றாள் மனைவி அடக்கமாக.

"என் கோட்டுக்கு எனக்கே அரை நிமிஷம் ஆகுது! எங்க கண்ணு, போட்டுக் காட்டு."

குண்டூசி சட்டையைத் தலைவழியாகக் கழற்றிக் கொடுத்தாள். அது அப்பாவின் ஏற்பாடு, அப்போதுதான் 'சர்ர்ர்' கேட்காது. பம்பரம் சட்டைக்குள் கையை விட்டுப் பிரித்துக் கொடுத்தார். தையல்காரர் இருமிய இருமலில் அந்தச் சத்தம் அமுங்கிவிட்டது. குண்டூசி கை இரண்டையும் நுழைத்தாள். டப், டப், டப், டப், டப். உள்ளங்கையால் ஐந்து தட்டு.

"எட்டு செகண்ட்!" என்று மனைவி துள்ளினாள்.

பம்பரம் மேஜைக்குப் போய் ஒரு பாரத்தை எடுத்தார். 'சிகிச்சை நிறைவு' என்று அதன் தலையில் கொட்டை எழுத்தில் இருந்தது. பேனாவின் மூடியை மெதுவாகத் திறந்தார். அந்த அம்மா மெதுவாக எதையாவது செய்து தையல்காரர் பார்த்ததே இல்லை.

பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

"வேண்டாம்! கையெழுத்துப் போடாதீங்க!"

அவர் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தையல்காரர் எழுந்து போய் மகள் முன்னால் மண்டியிட்டு, சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தார்.

சர்ர்ர்ர்ர்!

மனைவி குனிந்து வெல்க்ரோவைத் தொட்டுப் பார்த்தாள்.

"டயரு," என்றாள் மனைவி. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பஸ் டயரு! இருபத்தேழு நாள் கண்ணை எடுக்காம ஸ்டாப்வாட்ச்சையே பார்த்திருக்கேன்ங்க! போஸ்ட் மாஸ்டர் எழுந்து நின்னு கை தட்டினாரு! நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஸ்டாம்ப் குத்தறது? பெத்த பொண்ணு விஷயத்துல ஏமாத்த எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அவ அழுதா. என்னால பார்க்க முடியல," என்றார் தையல்காரர்.

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? நான் ஏதாவது ஏமாத்தினேனா?"

"அம்மா," என்றாள் குண்டூசி, "என் ஷூல லேசை எடுத்துட்டு எலாஸ்டிக் போட்டியே, அது?"

மனைவியின் கண் கதவுக்கு வெளியே, ஷூ கிடந்த பக்கம் போனது.

பம்பரம் கதவைத் திறந்து ஷூவை எடுத்துவந்தார். லேஸ் மாதிரியே இருந்த எலாஸ்டிக்கைச் சுண்டிப் பார்த்தார். கட்டி வைத்த முடிச்சு கட்டியபடியே இருந்தது. அட்டையில் ஷூ லேசுக்கு எதிரே நீல மையில் இருபது செகண்ட் என்று எழுதியிருந்தது.

"காலையில எனக்கு எட்டு இருபது பஸ்ஸு மேடம்," என்றாள் மனைவி ஈன சுரத்தில்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். இத்தனை நாள் குடித்தனத்தில் அவருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததே இல்லை. ஆனாலும் புத்திசாலி, வாயைத் திறக்கவில்லை.

பம்பரம் சிரிக்கத் தொடங்கினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உள்ளங்கையால தட்டிப் பட்டன் மாட்டற குழந்தையை இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. யாராவது வாயைத் திறக்கறீங்களான்னு பார்க்கத்தான் பேனாவைத் திறந்தேன்." பிறகு சட்டையை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். "என்ன தையலய்யா இது! நிஜமா சொல்றேன், இந்த மாதிரி சட்டை எனக்கு எட்டு வேணும். எவ்வளவு பழக்கினாலும் விரல் மடங்காத பிள்ளைங்க இங்க வருதுங்க. அதுங்களுக்கு இது பெரிய உபகாரம்."

"உங்க பொண்ணுக்கு இது வேண்டாம்," என்றார் அடுத்த மூச்சில். "இவ விரல் கத்துக்கும். நேரம் எடுத்துக் கத்துக்கும். அந்த நேரத்தைத்தான் நீங்க ரெண்டு பேரும் பிடுங்கிக்கிட்டீங்க."

தையல்காரருக்கு வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?" என்று பம்பரம் குனிந்து கேட்டார்.

குண்டூசி யோசித்தாள். "முதல் நாள் அப்பா ரொம்ப அழுதாரு. இந்தச் சட்டை தைச்சதுக்கப்புறம் அழல."

மனைவி மூக்கை உறிஞ்சினாள். தையல்காரர் மகளைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"ம்ஹூம்!" பம்பரம் குறுக்கே வந்தார். "கையை மடக்குங்க. ரெண்டு பேரும் அந்த ஸ்டூல்ல உட்காருங்க. கை ரெண்டும் தொடைக்கு அடியில. நான் சொல்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது. இனிமே வீட்டுப்பாடம் உங்களுக்கும் உண்டு."

இரண்டு பேரும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தார்கள். பம்பரம் அலமாரியிலிருந்து ஒரு நிஜச் சட்டையை எடுத்துக் குண்டூசிக்குப் போட்டுவிட்டார். ஐந்து நிஜப் பட்டன், ஐந்து நிஜக் காஜா.

முதல் பட்டனைக் குண்டூசி பிடித்தாள். நழுவியது. பிடித்தாள். காஜா விலகியது. நாக்கு நுனி வெளியே வந்தது. மூன்று நிமிஷம் கழித்துப் பட்டன் தலையை நீட்டியது.

தையல்காரர் பார்த்துவிட்டார். முதல் பட்டன் இரண்டாவது காஜாவில் போயிருந்தது.

ஐயோ, தொழில் தெரிந்தவனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? கை துறுதுறுத்தது. "மேல் காஜா, மேல் காஜா" என்று உதடு தானாக முணுமுணுத்தது. மனைவி அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். கைகள்தான் கட்டுப்பட்டிருந்தன, கால் அவளுக்குச் சுதந்திரமாகவே இருந்தது.

இரண்டாவது பட்டன் மூன்றாவது காஜாவில். மூன்றாவது நாலாவதில். நாலாவது ஐந்தாவதில். கடைசிப் பட்டனுக்குக் காஜாவே இல்லை. குண்டூசி சட்டையைக் குனிந்து பார்த்தாள். அவள் உதடு பிதுங்கியது. இதோ, அழப் போகிறாள். முதல் நாளும் இப்படித்தான் தொடங்கினாள்.

குண்டூசி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பாப் போச்சு," என்றாள் அவள், ஏதோ கணக்குப் பார்க்கிற பெரிய மனுஷி மாதிரி. நாலு பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள்.

பதினெட்டு நிமிஷம் ஆனது. இந்தத் தடவை யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரம் சொன்னது. கடைசிப் பட்டன் காஜாவைத் தாண்டி வெளியே வந்து உட்கார்ந்தது.

"ஆச்சு!"

அப்பாவும் அம்மாவும் கை தட்ட முடியாமல், தொடைக்கு அடியில் கையை வைத்தபடியே, ஸ்டூலோடு குதித்தார்கள். தையல்காரரின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை.

பம்பரம் 'சிகிச்சை நிறைவு' பாரத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இன்னும் பத்து வாரம். இதே செவ்வாய், இதே பதினோரு மணி. வரிசையில அடுத்து நிக்கறவங்களுக்கு வியாழக்கிழமை ஒரு இடம் பண்ணித் தரேன், என் சாப்பாட்டு நேரத்துல. சரி, வெட்டு நோட்டு எங்க?"

நோட்டைப் புரட்டினார். முதல் வாரம் ஒரு வட்டம். ரூபாய் நாணயத்தை வைத்து வார்த்த மாதிரி. இரண்டாம் வாரம் இன்னொன்று. மூன்றாவது, நாலாவது, எல்லாமே பிசிறில்லாமல் இருந்தன.

"இதை வெட்டினது யாரு?" என்று பம்பரம் அப்பாவைப் பார்த்தார். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சத்தியம் செய்தாள்.

"அத்தை," என்றாள் குண்டூசி. "நான் வெட்ட ஆரம்பிச்சாலே, 'கொண்டா இங்க, கையை வெட்டிக்கப் போறே'ன்னு வாங்கிக்குவாங்க."

"பார்க்குக்குப் போகச் சொன்ன அத்தையா? அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அங்க இன்னொரு ஸ்டூல் இருக்கு." பம்பரம் கடைசிப் பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். பசை காயாமல் ஒட்டியிருந்தது. மெதுவாகப் பிரித்தார்.

உள்ளே இருந்ததும் வட்டம்தான். வட்டம் என்று நாமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் கோணி, ஒரு பக்கம் பிசிறு தட்டி, நடுவில் ஒரு வெட்டு ஓடியிருந்தது. பம்பரத்தின் கண் விரிந்தது.

"இது?"

"நான்," என்றாள் குண்டூசி. "நானேதான். மேஜைக்கு அடியில போய்ட்டா யாரும் வந்து வாங்கிக்க மாட்டாங்க. நீங்க குடுத்த, தானா விரியற ஸ்பிரிங் கத்தரியில."

"கண்ணு, இது பேப்பர்கூட இல்லையே! துணி வெட்டறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா!" பம்பரம் குழந்தையைக் கட்டிக்கொண்டார். "நாலு மாசத்துல இதான் முதல் தடவை, இவ ஒரு முழு வட்டம் சுத்தி வந்திருக்கா. பாருங்கய்யா, உங்க பொண்ணு வெட்டினதை!"

நோட்டைத் தையல்காரரின் மடியில் வைத்தார்.

பெருமையில் அவர் நெஞ்சு விம்மியது. மகள் வெட்டியது. யாரும் தொடாமல், யாருக்கும் தெரியாமல், அவளே வெட்டியது. குனிந்து பார்த்தார். இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார்.

நீலம். நல்ல மெல்லிசான, விலை உயர்ந்த நீலம்.

"குண்டூசி," என்றார். "இதை எங்கம்மா வெட்டினே?"

"மேலேருந்து தொங்குச்சுல்லப்பா, அதுல. பெரிய துண்டுல. நட்ட நடுவுல."

அது முதுகு. வக்கீலின் முதுகு.

அந்த நேரம் பார்த்து சட்டைப் பையில் போன் அடித்தது. எட்டிப் பார்த்த மனைவி பேரைப் படித்தாள். "வக்கீலுங்க. எடுங்க."

தையல்காரர் போனைப் பார்த்தார். கோணல் வட்டத்தைப் பார்த்தார். ஐந்து பட்டனும் சரியான காஜாவில் இருக்க, நிமிர்ந்து நிற்கும் மகளைப் பார்த்தார்.

"எப்படி எடுக்கறது?" என்றார். "கையை வெளிய எடுக்கலாம்னு மேடம் இன்னும் சொல்லலையே."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கை இரண்டையும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.